கட்டைவிரல் துளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தான் பேச்சை எடுத்தாலே, "சரிக்கா, ஆபீஸ்ல கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுகிற ஆபீஸ். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

கல்லூரியில் தேர்வுக் காலம். புள்ளியியல் விடைத்தாள்களைக் குனிந்து திருத்தித் திருத்திக் கழுத்து பிடித்துக்கொண்டது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உன் அத்தான் பழுது பார்த்தார். இப்போது சத்தமாகச் சொட்டுகிறது.

அவர் கை ஆறிவிட்டது. பட்டறை ரம்பத்தில் போன கட்டைவிரல் நுனி போனதுதான். மற்றபடி குறையில்லை, மர வேலைக்கு மறுபடி போகிறார். சட்டைப் பொத்தான் போடத்தான் நேரமாகிறது. நான் உதவினால் கோபம் வருகிறது, உதவாமல் நின்றாலும் வருகிறது.

நீ ஏன் அவரோடு பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். பவுலிங் அரங்கத்தில் உங்களைப் போல ஒரு ஜோடி கிடையாது என்பார்கள். பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டிச் சாய்ப்பதில் என்ன இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் நீங்கள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து கிளம்புவது எனக்குப் பிடிக்கும். நீ இரண்டு கையால் உருட்ட ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. அவருக்குப் பழைய முறைதான் முறை. கட்டைவிரல் பந்தின் துளைக்குள் இருக்க வேண்டும், கை ஊஞ்சல் போலப் பின்னே போய் வர வேண்டும், கட்டைவிரல் முதலில் நழுவ, மற்ற இரண்டு விரல்கள் பந்தை லேசாகத் தூக்கிவிட வேண்டும். நீயோ கட்டைவிரலை வெளியிலேயே விட்டுவிட்டு, இடது கையால் கடைசி வரை பந்தைத் தாங்கிப் பம்பரம் மாதிரி சுழற்றி விடுவாய். எது மேல் என்று என்னைக் கேட்டீர்கள். இருவர் எடுத்த புள்ளிகளையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய வித்தியாசம் இல்லை என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் மேல் பாய்ந்தீர்கள். நீங்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

பிறகு ஒரு நாள் எல்லோர் முன்னாலும் அவர், "குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி பந்து போடுறவன்கூட இனி நான் ஜோடி சேர மாட்டேன்" என்றார். நீயும் சும்மா இருக்கவில்லை. "உங்க கட்டைவிரல் போனா நீங்களும் இப்படித்தான் போடுவீங்க, அத்தான்" என்றாய். நீ வேலை கிடைத்து அங்கே போன பிறகு ரம்பம் அவர் விரலில் பட்டது. செய்தியைச் சொன்னதும் போனை வைத்துவிட்டாய். உனக்குக் கருநாக்கு என்று நீயே முடிவு கட்டிக்கொண்டாய், இல்லையா? சொல்லுக்கு அத்தனை பலம் இருந்தால் நான் இத்தனை வருஷம் வகுப்பில் சொன்னதில் கொஞ்சமாவது பிள்ளைகள் மண்டையில் ஏறியிருக்கும். ரம்பத்தின் காப்புத் தகடு கழன்றிருந்தது. அவர் அதை மாட்டாமல் வேலை செய்தார். வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாடிப்படிக்கு அடியில் தூசி தட்டும்போது அவர் பந்தை நகர்த்தினேன். கட்டைவிரல் துளையைப் பிசின் ஊற்றி அடைத்து, இருந்த இடமே தெரியாதபடி தேய்த்து வைத்திருக்கிறார். வித்துத் தொலைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிறு காலைகளில் பந்துப் பை காணாமல் போனது. கேட்டால், பட்டறையில் ரம்பப் பல் தீட்டப் போகிறாராம். நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். போன வாரம் பின்னாலேயே போனேன்.

பவுலிங் அரங்கத்தின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கடைசித் தடத்தில் தனியாக நின்றிருந்தார். இரண்டு கையால் உருட்டினார். பந்து ஓரக் கால்வாயில் விழுந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு மறுபடி எடுத்தார். விடுவதற்கு முன்னால் ஒரு சின்னத் தாவல் தாவினார். அது உன் தாவல், தம்பி. இத்தனை நாள் கேலி செய்த மனிதர் அதை ஒன்று விடாமல் பார்த்து வைத்திருக்கிறார். மறுபடியும் கால்வாய்தான். நான் சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "உன் தம்பி இடது கைய எப்ப எடுப்பான்? பந்து காலைத் தாண்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எனக்கென்ன தெரியும்? அவனையே கேளுங்க."

"நான் பேசின பேச்சுக்கு அவன் சொல்லுவானா?"

தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். கேட்டதை உனக்கு எழுதச் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

குளிர் நாட்களில் காதை மூடிக்கொள். இருவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள், நன்றாக இருங்கள். எனக்குப் பதில் வேண்டாம். இடது கையை எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்கு எழுது. எழுதிப் புரியவைக்க முடியாது என்று தோன்றினால், விடுமுறை போட்டுவிட்டு உன் பந்தோடு வா.

அன்புடன்,
அக்கா