விண்டோஸ் மாற்றியதில் போன கதை

ஓசூர், 6.12.1999

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கோமதி நமஸ்காரம். அம்பாள் புண்ணியத்தில் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இரண்டாயிரம் பிறந்தால் இவருடைய பழைய லேப்டாப் தேதியைக் குழப்புமாம். இவர் கம்பெனியிலிருந்து கங்கப்பன் என்று ஒருவர் வந்து புது விண்டோஸ் போட்டார். “உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிரும்க்கா. வேணுங்கறதச் சொல்லுங்க, காப்பி எடுத்துக்கலாம்” என்றார். வீட்டுக் கணக்கை எடுத்துவிட்டு அடுத்ததைத் திறந்தார். “இதென்னக்கா, கதையாட்டம் இருக்குது?”

போன வருஷம் அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த ஔவை நோன்புக் கதை அது. ஆண்கள் கேட்கவே கூடாததை அவரிடம் காட்டலாமா? “ஒண்ணுமில்ல, மூடுங்க, அது வேண்டாம்” என்றேன். அழிந்துவிட்டது.

நம் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, உப்பில்லாக் கொழுக்கட்டை வேகும் வாசனையில், அம்மா தணிந்த குரலில் சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. கதைதான் பாதிக்குமேல் நினைவில்லை. இங்கே அக்கம்பக்கம் தெலுங்கும் கன்னடமும். நோன்பு தெரிந்தவர்கள் யாருமில்லை.

அம்மா சொல்ல அப்பாதானே கடிதம் எழுதுகிறீர்கள், அதனால் கடிதத்திலும் கேட்க முடியாது. அப்பா, தை முதல் செவ்வாய்க்குள் அம்மாவைக் கூட்டி வாருங்கள். குளிருக்குக் கம்பளி வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை டைப் அடிக்க மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அடுப்பில் பால், முடிக்கிறேன்.

உங்கள் கோமதி