யாரும் எடுக்காத கற்பூரம்

மாமி,

பரந்தன் கடையில் வாங்கிய கற்பூரப் பொட்டலத்தை இன்று பிரித்தேன். கட்டிகள் சிறுத்திருந்தன. வாசனை மூக்கில் ஏறியதும் முதலில் கடைக்காரர்மீதுதான் சந்தேகம் போனது. பிறகுதான் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது.

கிளிநொச்சிக் குடியேற்றத்திட்டத்துக்கு வந்த புதிதில் நமக்குத் தகரக் கூரை வீடு. பங்குனி வெயிலில் அலுமாரிக் கதவைத் தொட்டாலே கை சுடும். சாமிக்கு வாங்கிய கற்பூரத்தைக் கடதாசியில் சுற்றி அதற்குள்தான் வைத்தீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதியைக் காணோம். வீட்டுக்குப் புதியவள், மருமகளாக வந்த நான் ஒருத்திதான்.

"பிள்ளை, கொம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்தனியோ?"

"நான் தொடவேயில்லை, மாமி."

"அப்ப கற்பூரத்துக்குக் காலே முளைச்சது?"

அதன்பின் சமைக்கக் குசினிக்குள் போனாலும் உங்கள் கண் என் பின்னால் வந்தது. அம்மா வீட்டுக்குப் புறப்பட்டால் பையை அவிழ்த்துப் பார்த்தீர்கள். உங்கள் மகனோ அந்நேரம் பார்த்து மண்வெட்டியோடு வயலுக்கு இறங்கிவிடுவார். என்னைத் துரத்துவதற்கு நீங்களே ஒளித்துவைக்கிறீர்களோ என்று நானும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில், "கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணு. இல்லாட்டிக் கொம்மா வீட்டை போ" என்றீர்கள். சாமிப் படத்தின் முன் போய் நின்றேன். கடதாசியைப் பிரித்தால் வாசனை மட்டும் இருந்தது, கொளுத்த ஒரு துண்டில்லை. வந்த சிரிப்பைப் பயத்தில் விழுங்கிக்கொண்டேன்.

விடுவீர்களா நீங்கள்? புதிதாக வாங்கி, சேலைத் தலைப்பில் முடிந்து, படுக்கையிலும் அவிழ்க்காமல் அடுத்த வெள்ளிவரை காவல் காத்தீர்கள். அவிழ்த்தபோது கடுகளவுதான் மிச்சம். சூடு பட்டால் ஐஸ் நீராகும், நீர் ஆவியாகும். கற்பூரமோ நீராகாமல் நேரே ஆவியாகிவிடும், வெக்கை கூடக்கூட விரைவாக. இது எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. உங்கள் உடம்புச் சூடே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது.

அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "வெக்கைதான் திண்டிருக்குது" என்றீர்கள். பிறகு யார் முகத்தையும் பாராமல் சொன்னீர்கள்:

"என்ர தங்கச்சியையும் இந்தக் கற்பூரத்துக்காகத்தான் வீட்டைவிட்டுக் கலைச்சனான்."

என்னிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் உங்கள் செத்தவீட்டன்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன், மாமி. உங்கள் தங்கச்சி வரவில்லை. ஏதாவது காணாமல்போய், 'எடுத்தனியோ?' என்று யாரையாவது கேட்டுவிட வாய் எடுக்கும்போதெல்லாம் அந்த வெறும் வாசல் கண்ணில் நிற்கிறது. வாயை மூடிக்கொள்கிறேன். சந்தேகம் மட்டும், என் பின்னால் வந்த உங்கள் கண்ணைப்போலவே, போகமாட்டேன் என்கிறது.