ஒரு விரல் இடம்

மார்ச் 3
தங்கைக்கு பூட்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பாதையே இல்லாத காட்டில் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு, தனியாகத்தான் போவாள். பதினோரு வருஷமாகச் செருப்புக் கடையில் குப்பை கொட்டுகிறவனுக்குத் தெரியாதா? கணுக்காலை மூட வேண்டும், அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும், பாறையில் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் இடிக்காமல் இருக்க விரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் வேண்டும். அது மட்டும்தான் இல்லை. அவள் அளவு தீர்ந்துபோய், ஒரு அளவு சின்னதுதான் இருந்தது. அமுக்கிப் பார்த்தேன், கட்டைவிரல் முட்டிக்கொண்டு நின்றது. வேறு கடைக்கு அனுப்ப மனசு வரவில்லை. "போகப்போக இளகிடும்" என்றேன்.

"நீ சொன்னா சரிதாண்ணா."

மார்ச் 6
நாங்கள் எழுவதற்குள் கிளம்பிவிட்டாள். நாளை சாயங்காலம் வந்துவிடுவாள்.

மார்ச் 8
வரவில்லை. போன் அணைந்தே கிடக்கிறது. வனத்துறை அதிகாரி முதலில் கேட்டதே, "கால்ல என்ன போட்டிருந்தாங்க? அடியில என்ன டிசைன்?" என்றுதான். கண்ணை மூடிக்கொண்டே வரைந்து கொடுத்தேன். "இது பெரிய உதவி சார்" என்றார். எழுதவே வெட்கமாக இருக்கிறது — கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 9
அந்தத் தடம் எங்கேயும் இல்லையாம். ஓடைக்கரையில் ஏதோ தேய்ந்த கான்வாஸ் ஷூ தடம் இருந்ததாம். விறகு பொறுக்க வந்தவர்களாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மார்ச் 10
ஒன்றும் இல்லை. அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 11
கிடைத்ததும் அவளுக்கு மாற்றுத்துணி வேண்டுமே என்று அம்மா பையை எடுக்கச் சொன்னாள். கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி. உள்ளே பூட்ஸ். விரல் பக்கம் பஞ்சு, அதில் காய்ந்த ரத்தம். வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிப் பார்த்திருக்கிறாள். முடியாமல் பழைய கான்வாஸையே மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஏண்டி சொல்லல? சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? மூணு நாள்... மூணு நாளா இல்லாத தடத்தைத் தேட விட்டுட்டேனே.

அதிகாரிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "ஓடைக்குத் திரும்பிப் போறோம்" என்றார்.

மார்ச் 12
கிடைத்துவிட்டாள். ஓடையிலிருந்து அரை மணி நடைதான். பாறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து.

டாக்டர் சொன்னார்: "நேத்து வரைக்கும் உயிர் இருந்திருக்கும்."

மார்ச் 13
பஞ்சைத் தூக்கி எறிந்தேன். பூட்ஸின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். எதற்கு? யாருக்குப் பயந்து?

மார்ச் 16
துக்கம் விசாரிக்க வருகிற எல்லோரிடமும் அம்மா ஒன்றையேதான் சொல்கிறாள். "அண்ணன்காரன் பார்த்துப் பார்த்து நல்லதா வாங்கிக் குடுத்தான். அவதான் போட்டுக்கல. என்னைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கா?"

அத்தை என் தோளைத் தொட்டு, "நீ என்னப்பா பண்ணுவே" என்றாள்.

"ஆமா அத்தை" என்றேன்.