சிவப்புப் பட்டையில் ஓர் அரைவட்டம்

9 ஜனவரி 1946
மழை. போர்க்காலத்தில் ஜெர்மானியரோடு கைகோத்தவர் யார் என்று விசாரிக்கும் ஊர்க் குழுவில் மூன்று பேர்: தலைவர் மருந்துக்கடை தைஸ், பாதிரியார், நான். லத்தீன் வாத்தியாரான எனக்கு எல்லோர்மீதும் சந்தேகம் என்பதால் சேர்த்திருப்பார்கள். இன்று வந்த மனு ரொட்டிக்காரர் வேடர்ட்டுடையது. நாங்கள் நற்சான்று தந்தால்தான் மூடிய கடையை அவர் திறக்க முடியும்.

11 ஜனவரி
நாட்டை ஆளும் கோமகளின் பிறந்தநாள் நெருங்குகிறது. பெட்டிக்குள் கிடந்த லக்சம்பர்க் கொடிகளை ஊரே வெளியே எடுத்து உலர்த்துகிறது. வேடர்ட் வீட்டுக் கொடி எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே. சிவப்புப் பட்டை வெளுத்துவிட்டது. நடுவில் ஓர் அரைவட்டம் மட்டும் வெயில் படாத புதுச் சிவப்பு. அந்த இடத்தில் முன்பு எந்த வெள்ளை வட்டம் ஒட்டியிருந்தது, அதற்குள் என்ன சின்னம் இருந்தது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.
நாஜிக் கொடி. மாட்டிக்கொண்டார்!

14 ஜனவரி
விசாரணை. கொடியைப் பற்றிக் கேட்டேன். தைஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். வேடர்ட் அசரவில்லை.
"வீட்டுக்கு ஒண்ணு கட்டணும்னு அவனுங்கதானே கொடுத்தானுங்க, வாத்தியாரே. அவனுங்க ஓடினப்புறம் நம்ம கொடிக்குச் சிவப்புத் துணிக்கு எங்க போறது? வெட்டினேன், தைச்சேன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா, எனக்குத் தையல் வராது. அது கிடக்கட்டும், உங்க வீட்டுச் சிவப்பு எந்தக் கடையில வாங்கினது?"
முடிவைத் தள்ளிவைத்தோம். தைஸ்தான் முதலில் சொன்னார். ஏன் இவ்வளவு அவசரம்?

அதே நாள் மாலை
லியோனியிடம் கேட்டேன். என் மனைவி உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"நல்ல துணிங்க. தூக்கிப்போட மனசு வரல. வட்டம் இருந்த இடத்தை வெட்டி எறிஞ்சுட்டு, மிச்சத்தை ஒட்டுப்போட்டேன். விடுதலை அன்னைக்கு அதைப் பார்த்துத்தானே தேம்பித் தேம்பி அழுதீங்க?"
அழுதேன்தான். ஒட்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே! இவள் வேறு என்னென்ன தைத்து மறைத்திருக்கிறாள்?

15 ஜனவரி
காய்கிற கொடிகளைப் பார்த்தபடி ஊரைச் சுற்றினேன். மருந்துக்கடைக் கொடியில் அருமையான ஒட்டு. பாதிரியார் வீட்டில் அதைவிட அருமை. ஆக, வேடர்ட் செய்த துரோகம் மோசமான தையல்.
ஆனால் உண்மையைச் சொன்னால் குழுவே இருக்காது. சொல்லாவிட்டால் அந்த மனிதருக்குக் கடை இருக்காது.

18 ஜனவரி
குழு கூடியது. நற்சான்று தரலாம் என்றேன். மற்ற இருவரும் நான் முடிப்பதற்குள் தலையாட்டினார்கள். இதற்குமுன் நாங்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை.
"கொடி விஷயத்தை எழுத வேண்டாமே," என்றார் தைஸ்.
"எந்தக் கொடி?" என்றார் பாதிரியார்.
பிறகு ஒரு தீர்மானம்: தேசத்தின் மரியாதை கருதி, மாடி ஜன்னலுக்குக் கீழே யாரும் கொடி கட்டக் கூடாது. முன்மொழிந்தது நான்.

23 ஜனவரி
விழா. வேடர்ட் கடை திறந்திருந்தது. ரொட்டியை நீட்டினார்.
"சரியா வெந்திருக்கா, பாருங்க வாத்தியாரே. எல்லாத்தையும் பார்க்கிறவராச்சே நீங்க."
பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே தேசிய கீதம் முழங்கியது. தெரு நெடுக, உயரத்தில், கொடிகள். ஒருவரும் தலை நிமிரவில்லை.