குளியலறையில் விழவில்லை

நொட்டிங்ஹாம்
12.11.1989

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நான் பேசி முடிக்குமுன் போனை வைத்துவிட்டீர்கள். கடிதமென்றால் கடைசிவரை வாசிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

எங்கள் மாதா கோயில் றோஸ்மலர் அன்ரி அவ்வளவு தூரம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். "குளிக்கேக்கை எப்பிடிப் பிள்ளை வழுக்கினனீ?" என்று கேட்டார். கோயில் சனம் முழுவதுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறீர்களாம்.

நான் குளியலறையில் விழவில்லை. பனித்தரையில், கத்தி பூட்டிய சப்பாத்தோடு நாலு பேர் ஒன்றாக ஓடும் ஐந்நூறு மீற்றர் போட்டியில், மூன்று பேரை முந்தி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். கடைசி வளைவில் பின்னால் வந்தவள் சறுக்கி என்னையும் இழுத்து விழுத்தினாள். அவளுடைய சப்பாத்துக் கத்தி என் தொடையைக் கிழித்தது. இருபத்திரண்டு தையல்.

ஏழு வருடமாக விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பழகியவள் நான். அதையெல்லாம் ஒரு சவர்க்காரத் துண்டில் வழுக்க விட்டுவிட்டீர்களே. உண்மையைச் சொல்லுங்கள்.

மெற்றில்டா

செவன் கிங்ஸ்
20.11.1989

அன்பு மகளுக்கு,

தையல் வெட்டியாயிற்றா? அம்மா உனக்காக நவநாள் செபம் சொல்கிறாள்.

தகப்பனை இப்படிக் கேள்வி கேட்க யார் பழக்கியது? கிங்ஸ்பரி பிலோமினம்மா தன் மகன் கஸ்பருக்கு உன்னைக் கேட்கிறார். பெடியன் எக்கவுண்டன், கணக்குப் பார்க்கிற நல்ல வேலை. உடம்போடு ஒட்டிய உடுப்பில் ஓடி என் மகள் தொடையை வெட்டிக்கொண்டாள் என்று அவர்களிடம் சொல்லவா? குளியலறை என்றால் ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள்.

பதின்மூன்று வயதில் உன்னை அங்கே கூட்டிப்போனவனும் நான்தான். விளையாட்டு என்று நினைத்தேன். உனக்கு இருபது வயதாகிவிட்டது, இனிப் போதும். ஜனவரியில் அவர்கள் பொம்பிளை பார்க்க வருகிறார்கள். வந்துவிடு.

அப்பா
செபமாலைமுத்து

நொட்டிங்ஹாம்
27.11.1989

அப்பா,

ஜனவரி பதினான்காம் திகதி தெரிவுப் போட்டி. முதல் மூன்று பேர் உலகப் போட்டிக்குப் போவார்கள். நான் இங்கேதான் நிற்பேன்.

"உங்கள் ஆட்களுக்குப் பனி ஒத்துவராது" என்று இங்கே ஒரு பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு ஓடிக் காட்டினேன். உங்களுக்கு எதைச் செய்து காட்டுவது?

கஸ்பர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மறைத்துத்தான் என்னைக் கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால், கட்டாமலே இருக்கிறேன்.

மெற்றில்டா

செவன் கிங்ஸ்
9.1.1990

மகள்,

பிலோமினம்மா சனிக்கிழமை வந்தார். நீ வராவிட்டாலும் கதைத்து முடிக்கலாம் என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெல்லக் கேட்டார்: "குளிக்கிற இடத்திலை விழுந்து இருபத்திரண்டு தையல் எண்டால்... பிள்ளைக்கு வலிப்பு ஏதும் இருக்கோ?"

கோயிலில் பாதிப்பேர் அப்படித்தான் கதைக்கிறார்களாம். உனக்கு வலிப்பாம்.

நான் எழும்பிவிட்டேன். "என்ர பிள்ளைக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. அவள் ஐஸிலை ஓடுறவள். பிரித்தானியாவிலை முதலாவது" என்றேன். அது வலிப்பைவிட மோசமல்லவா என்று அந்த மனுசி கேட்டார். அவர் வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டேன். வருத்தம் இல்லாத பிள்ளை வேண்டுமாம், ஆனால் ஓடுகிற பிள்ளை வேண்டாமாம். என்ன நியாயம் இது?

ஞாயிறு பூசை முடிய வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னேன். றோஸ்மலருக்கு இரண்டு தரம்.

என் வாயால்தான் உனக்கு அந்தப் பெயர் வந்தது. அதை நினைத்தால் சோறு இறங்குதில்லை. கவனமாக ஓடு.

அப்பா

நொட்டிங்ஹாம்
15.1.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ஓடினேன். தொடை தாங்கியது. ஆனால் உள்பக்கத்தால் முந்த இடம் கிடைத்தபோது, விழுந்தது நினைவுக்கு வந்து ஒரு கணம் தயங்கிவிட்டேன். நாலாவதாக வந்தேன். மூன்று பேர்தான் போகிறார்கள். பஸ்ஸில் அழுதேன். அடுத்த வருடமும் நிற்பேன்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்துவிட்டேன். கதவைத் திறந்துவிட்ட இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது. ஆனாலும் கோபம் போகவில்லை. பிரித்தானியாவில் முதலாவது என்று யார் உங்களுக்குச் சொன்னது? நான் ஒருநாளும் முதலாவதாக வந்ததில்லை. திரும்பவும் ஏனப்பா பொய்?

வருகிற ஞாயிறும் வாசலில் நின்று, நாலாவது என்று சொல்லுங்கள். எனக்கு அது காணும், அதுவே போதும். உங்களுக்கும் காண வேண்டும்.

அன்பு மகள்
மெற்றில்டா