பொன்னிறக் குட்டியும் உன் அம்மாவும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு இருவரும் நலம். நாள்தோறும் வழிபாட்டில் உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்கிறோம். அந்த வேண்டுதல் உங்களை நலமாகவே வைத்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் தத்தெடுக்கவிருக்கும் குழந்தையின் படம் வந்து சேர்ந்தது. நிறமும் சாயலும் நம் குடும்பத்தில் எவருக்கும் இல்லாதவை, அம்மா மனம் ஏற்குமா என்று கேட்டிருந்தாய். அவளோ ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் அதைத் தொடவேயில்லை. நானும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை.

இதற்கிடையே வீட்டின் பின்புற மரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் குடியேறியது. முசு என்று பழம்பாட்டில் மட்டும் நான் அறிந்த இலையுண்ணும் குரங்கின் உறவு போலும். சாம்பல் உடல், கரிய முகம், கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல வெண்வளையம், உடலினும் நீண்ட வால். தரையில் இறங்குவதே அரிது. கிளைக்குக் கிளை தாவி இளந்தளிராகத் தேர்ந்து தின்று, பின் வயிறு உப்ப அமர்ந்து செரிக்கும், விருந்துண்ட உன் மாமனாரைப் போல. இதை அவரிடம் சொல்லிவிடாதே. நேற்று ஒரு தாயின் மார்பில் பளபளவென்று பொன்னிறக் குட்டி. அடுத்த வீட்டுத் தையற்காரியின் செம்பட்டைப் பூனைக்குட்டியைக் குரங்கு திருடிவிட்டது என்று முடிவுகட்டி, அம்மா தட்டைக் கரண்டியால் தட்டி ஊரைக் கூட்டினாள். தாய்க்குரங்கு குட்டியை இறுக அணைத்து உச்சிக்கிளை ஏறிற்று. கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்த தையற்காரி, தம் பூனைக்குட்டி வெட்டுத்துணிக் குவியலில் உறங்குவதாகச் சொல்லிச் சிரித்தார். "அது அதோட சொந்தக் குட்டிதாங்கம்மா. பால் குடிக்குது பாருங்க" என்றார். கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். இவ்வினத்தில் குட்டி பொன்னிறமாகப் பிறந்து, சில திங்களில் சாம்பல் நிறமாகுமாம்.

அம்மா நாணிப்போனாள், ஆயினும் சன்னலை விட்டு அகலவில்லை. சற்றைக்கெல்லாம் மற்றப் பெண்குரங்குகள் சித்திமார் போலச் சூழ்ந்தன. ஒவ்வொன்றும் குட்டியை வாங்கி, மடியிலிட்டு, முகர்ந்து, அடுத்ததன் கையில் தந்தது. தன் நிறமா என்று ஒன்றும் ஆராயவில்லை. நான் ஓதிக்காட்டும் மறைமொழிகளுக்கெல்லாம் அசையாத உன் அம்மா, எழுந்துபோய்ப் படத்தை நிமிர்த்தி விளக்கருகே வைத்தாள். "நம்ம மக மட்டும் வச்சுக் கொஞ்சினா எப்படி? எனக்கும் ரெண்டு கை இருக்குன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

பயணத்தில் குழந்தையின் காதை மூடித் தூக்கி வாருங்கள். இறைவன் உங்கள் மூவரையும் கண்ணின் இமைபோலக் காப்பானாக. பெயரை மட்டும் உடனே எழுது. நாளை வழிபாட்டில் மூன்றாவதாக எதைச் சொல்வது என்று அம்மா இப்போதே நச்சரிக்கிறாள்.

நல்லாசிகளுடன்,
உன் அப்பா