திரைக்கு வராத ‘வந்துட்டேன்’

செவ்வாய், இரவு

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. நாளை கல்லூரியில் புராஜெக்ட் டெமோ. எங்கள் சி புரோகிராம் இரண்டு நாளாகப் பாதி ஓட்டத்திலேயே ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று மெமரிப் பிழை காட்டிச் செத்துக்கொண்டிருந்தது. எங்கே சாகிறது என்று பார்க்க, ஃபைலைப் படிக்கும் பகுதி முடிந்ததும் ‘வந்துட்டேன்’ என்று திரையில் காட்டச் சொல்லி ஒரு printf போட்டிருந்தேன். அது வரவே இல்லை; அப்படியென்றால் அதற்கு முன்பே, அந்தப் பகுதியிலேயே சாகிறது என்று முடிவு கட்டினேன். அதை எழுதியவள் என் புராஜெக்ட் கூட்டாளி ஸ்டெல்லா. அவளை வறுத்தெடுத்துவிட்டேன்.

மாலை காட்டாங்குளத்தூரில் ரயில் ஏறியதும் அவள் லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்தாள்.

“ஏய், இதுல \n எங்கடி?”

அடடா! \n தான் வரியை முடிக்கும் குறி. வரி முடியாவிட்டால் printf எழுத்துகளைத் திரைக்கு அனுப்பாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். நடுவில் புரோகிராம் செத்தால் அதெல்லாம் போச்சு. \n போட்டு ஓட்டினோம். ‘வந்துட்டேன்’ வந்தது! அதற்குப் பிறகுதான் செத்தது.

“அப்போ செத்தது உன் கோட்லடி!” என்று சிரித்தாள்.

நான் போட்ட கத்தலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. என் லூப்பில் ஒரு சுற்று அதிகம். குறைத்தேன், முழுதாக ஓடியது! தாம்பரம் தாண்டியதுகூடத் தெரியவில்லை.

இப்போதும் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன், சாகவில்லை. ஸ்டெல்லாவுக்கு ‘சாரிடி’ என்று டைப் செய்து, அனுப்பாமலே வைத்திருக்கிறேன். தூங்கிப்போவதற்குள் அனுப்பிவிட வேண்டும்.